பிடித்தலும் பிடித்துக்கொள்ளுதலும்

'பிரேக் பிடிக்கவில்லை' என்றால் வண்டி நிற்க மறுக்கிறது என்று பொருள். 'பிரேக் பிடித்துக்கொண்டது' என்றால் வண்டி நகர மறுக்கிறது. எதிரெதிரான இரு பழுதுகளைத் தமிழ் 'கொள்' என்னும் ஒரு துணைவினையால் பிரித்துக் காட்டிவிடுகிறது. 'பிடி' மட்டும் இருக்கையில் செயல் ஓட்டுநரின் காலுக்குக் கட்டுப்பட்டது. 'கொள்' சேர்ந்ததும் அது தன்பாற்பட்டதாகி, யார் சொல்லியும் கேளாததாகிவிடுகிறது. இத்துணைவினைக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் நாங்கள் படித்தவை 'சொல்லிக்கொள்', 'வாங்கிக்கொள்' முதலியன. மெக்கானிக் கடையிலிருந்து எடுத்துக்காட்டுத் தந்த ஆசிரியர் எவரையும் நான் அறியேன்.

இவ்வளவும் நினைவுக்கு வரக் காரணம், புனேயில் நான் குடியிருக்கும் வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு மழைக்காலங்கள் ஓடாமல் நின்ற ஒரு கார். உரிமையாளர் கீழ்வீட்டுக் காகா. தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரின் பெயர் இங்கே வேண்டியதில்லை, இருபதாண்டு கடந்த எந்தக் காருக்கும் வரக்கூடியதே அதற்கு வந்தது. பெட்ரோல் வாங்கிவரக் கிளம்பியவர் அரைக் கிலோமீட்டரில் திரும்பினார். இடது முன்சக்கரம் தொட முடியாதபடி கொதித்தது, கருகிய வாடையும் வந்தது. குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தரூன் பஸ்லாய்." பிடித்து உட்கார்ந்துவிட்டது.

மராத்தியிலும் அதே உத்தி. தமிழ் 'கொள்' சேர்க்குமிடத்தில் மராத்தி 'உட்கார்' என்னும் வினையைச் சேர்க்கிறது. வினையெச்சத்தின் பின் இன்னொரு வினையை வைத்து, செயலின் போக்கை அதனால் காட்டும் இப்பழக்கம், குடும்பம் கடந்து இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொது. இத்தகைய பொதுமைகளைக் கொண்டுதான் எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற்பரப்பு என்றார். மசிக்காவின் 1976ஆம் ஆண்டு நூல் அதை விரிவாகப் பரிசோதித்தது. இருவரும் பிரேக்கைப் பற்றி எழுதவில்லை என்பது அவர்கள் குற்றமன்று.

வரலாற்றுக்கு வருவோம். டிஸ்க் பிரேக்கின் வரலாறு என்று பொதுவாக எழுதப்படுவது கண்டுபிடிப்பின் வரலாறு. பிரிட்டனில் பிரடெரிக் லான்செஸ்டர் 1902இல் பெற்ற காப்புரிமையோடு அது தொடங்கும். சக்கரத்தோடு சுழலும் மெல்லிய உலோகத் தட்டை, விளிம்பில் இரு தாடைகள் இருபுறமும் கவ்வ வேண்டும் என்பது அவர் எண்ணம். கருத்து சரியானது, கவ்வும் பொருள்தான் வாய்க்கவில்லை. உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த கிறீச்சொலியும், தூசி மண்டிய சாலைகளில் விரைவாக ஏற்பட்ட தேய்மானமும் அதை முடக்கின. அதே காலத்தில் லூயி ரெனோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் டிரம் பிரேக், தூசியைத் தன் மூடிய வயிற்றுக்கு வெளியே நிறுத்தியது. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. டிரம்முக்குள் இருக்கும் ஷூவைச் சுழற்சியே மேலும் அழுத்துவதால், பிடிப்பதற்கு ஓட்டுநர் பெரிதாக மிதிக்க வேண்டியதில்லை. விடுவதற்கோ வலுவான சுருள்வில்கள் இருந்தன. கால் எடுத்ததும் அவை ஷூக்களை இழுத்துத் திருப்பிவிடும்.

டிஸ்க் பிரேக்கில் அந்த வில் இல்லை. நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். தட்டை எப்படிப் பிடிப்பது என்பதைப் பொறியாளர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டில் தீர்த்துவிட்டார்கள். எப்படி விடுவது என்பதே அவர்களைப் படுத்தியது, இன்றும் வீட்டு வாசல்களில் நம்மைப் படுத்துகிறது. வரலாற்று நூல்களில் முதல் கேள்விக்குக் காப்புரிமைகளும் பந்தய வெற்றிகளும் சான்றாக நிற்கின்றன. இரண்டாவதற்குச் சான்று பெரும்பாலும் பேச்சுவழக்கில்தான் இருக்கிறது.

பந்தய வெற்றி எல்லோரும் அறிந்தது. 1953இல் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தை டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்றது. அப்பந்தயத்தில் வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் ஒவ்வொரு சுற்றிலும் கடுமையாக வேகத்தைக் குறைக்க வேண்டிய களத்தில், வெப்பத்தைத் திறந்த வெளியில் உதறிவிடும் தட்டு, மூடிய டிரம்மைவிட நெடுநேரம் தாங்கியது. 1955இல் சிட்ரோயன் டிஎஸ், 1956இல் டிரயம்ப் டிஆர்3 என்று டிஸ்க் பிரேக் சாதாரணச் சாலைக்கு இறங்கியது.

ஆனால் ஜாகுவாருக்கு நான்காண்டு முன்பே, 1949இல், அமெரிக்காவில் கிராஸ்லி என்னும் சிறு நிறுவனம் தன் மலிவு விலைக் குட்டிக் கார்களில் டிஸ்க் பிரேக்கைப் பூட்டி விற்றது. விமானங்களுக்கென உருவாக்கப்பட்ட வடிவம் அது. விமானச் சக்கரம் தரையில் ஓடுவது சிறிது நேரம், அதுவும் கூட்டிப் பெருக்கிய ஓடுபாதையில். பனி உருக உப்புத் தூவிய வடஅமெரிக்கச் சாலைகளில் அதே பிரேக்குக்குள் உப்பும் சேறும் புகுந்தன. தடுக்கத் தகுந்த சீல் அதில் இல்லை. பிரேக்குகள் துருவேறிப் பிடித்துக்கொண்டன. ஓரிரு ஆண்டுகளில் கிராஸ்லி டிரம்முக்கே திரும்பியது. இந்தக் கதை நூல்களில் ஒரு வரியோடு முடிந்துவிடும், ஏனெனில் அது தோல்வி. எனக்கோ, காகாவின் இடது முன்சக்கரத்துக்கு லே மானைவிடக் கிராஸ்லி நெருங்கிய உறவு என்று தோன்றுகிறது.

டன்லப்பின் பொறியாளர்கள் விடுதலைத் தனிப் பிரச்சினையாகவே கையாண்டார்கள். அவர்களுடைய தொடக்ககாலக் கேலிப்பர்களில், பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுப்பதற்கென்று உள்ளே ஒரு முளையும் அதை இறுகப் பற்றிய ஒரு சிறு உறையும் இருந்தன. பின்னாளில் எங்கும் பரவிய தீர்வு இதனினும் எளியது, என் பார்வையில் மிக அழகியது. பிஸ்டனைச் சுற்றிச் சதுர வெட்டுமுகமுள்ள ஒரு ரப்பர் வளையம். திரவ அழுத்தத்தில் பிஸ்டன் முன்னே நகரும்போது வளையம் அதனோடு ஒட்டி வளைகிறது. அழுத்தம் நீங்கியதும் தன் பழைய வடிவத்துக்கு மீளும் முயற்சியில், பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமளவு பின்னுக்கு இழுத்துவிடுகிறது. அவ்வளவுதான் விடுதல். பேட் தேயத் தேய பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி முன்னேறிக்கொள்வதால் இடைவெளியும் தானே சரியாகிவிடும். திரவம் கசியாமல் காப்பதும் அதே வளையம். மூன்று வேலைக்கு ஒரு ரப்பர்.

அந்த இழுப்பு எவ்வளவு மெல்லியது என்பதை எண்ணினால் பழுதின் காரணம் விளங்கிவிடும். தூசியைத் தடுக்கும் வெளி ரப்பர் உறை கிழிந்து, மழைநீர் நுழைந்து, பிஸ்டனின் குரோமியப் பூச்சில் ஊசிமுனை அளவு துரு கிளம்பினாலும் போதும். மிதிக்கும் காலின் விசையை வேக்குவம் பூஸ்டர் பெருக்கித் தருவதால் பிஸ்டன் துருவை மீறி முன்னே போய்விடும். திரும்பி வர அதற்கு இருப்பது ரப்பரின் ஞாபகசக்தி ஒன்றே.

இந்தியாவில் இக்கதை தாமதமாகத் தொடங்குகிறது. அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஆண்ட பதிற்றாண்டுகள் டிரம்மின் காலம். சென்னைப் பாடியில் 1962இல் டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் குழுமமும் இணைந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. லூகாஸுக்குச் சொந்தமான கெர்லிங்கின் பெயர் உதிரிபாகப் பெட்டிகளின் மேல் 'டிவிஎஸ் கெர்லிங்' என்று ஏறி, நாடெங்கும் கடை அலமாரிகளுக்குப் போனது. டிரயம்ப் டிஆர்3க்கு டிஸ்க் பிரேக் செய்து தந்ததும் இதே கெர்லிங்தான். மாருதி 800 பரவிய காலத்தில்தான் முன்சக்கர டிஸ்க் நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. புனேயோ இப்போது இத்தொழிலின் நடுவிடங்களில் ஒன்று. வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஆர்ஏஐ 1966இல் நிறுவப்பட்டு, வேதாள் குன்றின் மேல் இருக்கிறது. இத்தாலியின் பிரெம்போ 2006இல் கூட்டாளியோடு இங்கே இறங்கி, 2008இல் அந்நிறுவனத்தை முழுதாக வாங்கி, இருசக்கர வண்டிகளுக்கான பிரேக்குகளைச் செய்துவருகிறது. குன்றின் மேல் பிரேக்கைச் சோதிக்கிறார்கள், சாக்கனில் பிரேக்கை வார்க்கிறார்கள், இடையில் எங்கள் வளாகத்தில் ஒரு பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காகாவின் அவசரத்துக்குக் காரணம் 'பாசிங்'. தனியார் காரின் பதிவு பதினைந்தாண்டுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டாக, தகுதிச் சோதனையில் தேறிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அக்கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்ந்தது. மராட்டியத்தில் வண்டிக்காரர் எவரும் இதைப் புதுப்பித்தல் என்று சொல்வதில்லை, பாசிங் என்பதே வழக்கு, பள்ளித் தேர்வைப் போல. ஒரு பணிமனையில் விசாரித்தபோது இரு பக்கக் கேலிப்பர்களும் தட்டுகளும் குழாய்களும் மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். காரை விற்றாலும் அவ்வளவு வராது. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று யோசனையும் இலவசமாகக் கிடைத்தது. காகா ஒன்றும் பேசாமல் வெளியே வந்து, "ஆபண் கரூ" என்றார். நாமே செய்வோம்.

முதலில் பழுது எங்கே என்று தெரிய வேண்டும். காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து (செங்கல் அடுக்குவதைக் காகா ஒப்பவே மாட்டார், உடன் வேலை பார்த்தவர் ஒருவரின் விரல்கள் அப்படித்தான் போயின என்றார்), சக்கரத்தைக் கழற்றினோம். கேலிப்பரின் ஏர் திருகைச் சற்றே தளர்த்தினார். அப்போது தட்டு விடுபட்டிருந்தால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது, ரப்பர் குழாய் உள்ளூர வீங்கித் திரவத்தைத் திரும்ப விடாமல் தடுக்கிறது என்று பொருள். விடுபடவில்லை. அப்படியானால் பிடி உலோகத்தில்தான். கேலிப்பர் சறுக்கி நகரும் முளைகள் இரண்டும் கிரீஸோடு நன்றாகவே நகர்ந்தன. உட்பக்கப் பேட் இரும்புவரை தேய்ந்திருந்தது. கிழிந்த உறையை நீக்கியதும் பிஸ்டனின் விளிம்பில் செம்பழுப்பு வளையமாகத் துரு. முழு நோயறிதலுக்கும் பத்து நிமிடம் ஆகவில்லை. டேவிட் எட்கர்டன் 2006இல் எழுதிய நூலில், தொழில்நுட்ப வரலாறு புதியன கண்டதை எழுதிப் பழையன காத்ததை விட்டுவிடுகிறது என்று குறைப்பட்டிருப்பார். டேவிட் அர்னால்டின் 2013ஆம் ஆண்டு நூல் இந்தியாவின் மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றுக்கு அக்கடனைத் தீர்க்க முயன்றது. அந்தப் பத்து நிமிடத்தில் காகாவின் விரல்கள் செய்ததை எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவேதான் சொற்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கேலிப்பர் வாங்க நானா பேட்டுக்குப் போனோம். புனேயின் உதிரிபாகக் கடைகள் நெருங்கியிருக்கும் பகுதி. கடைக்காரர் பெயரைக் கேட்கவில்லை, ஆண்டைக் கேட்டார், பின் "டாவா கீ உஜ்வா?" இடதா, வலதா? கேலிப்பரில் இது முக்கியம். மாற்றிப் பூட்டினால் ஏர் திருகு கீழே போய்விடும், காற்றோ மேலேதான் தேங்கும், எத்தனை முறை மிதித்தாலும் வெளியேறாது.

'கேலிப்பர்' என்னும் சொல்லைப் பற்றி. தமிழ்ப் பள்ளி இயற்பியலில் வெர்னியர் அளவி படித்தவர்களுக்கு அது அளக்கும் கருவி. பிரேக் கேலிப்பர் எதையும் அளப்பதில்லை, இரு தாடையால் இருபுறமும் கவ்வும் வடிவொற்றுமையால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் இச்சொல் பதினாறாம் நூற்றாண்டில், பீரங்கி வாயின் விட்டத்தையும் குண்டையும் அளக்கும் கவராயத்தின் பெயராக வருகிறது. துப்பாக்கிக் குழல் விட்டத்தைக் குறிக்கும் 'காலிபர்' இதன் உடன்பிறப்பு. அதற்கும் பின்னே அரபுச் சொல் 'காலிப்', வார்ப்பு அச்சு, இருப்பதாகச் சொற்பிறப்பியலார் பெரும்பாலும் கருதுகின்றனர். அரபுக்கும் முன்னே, செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மரக்காலைக் குறித்த கிரேக்கச் சொல்லைக் காட்டுவாரும் உண்டு. மரக்காலிலிருந்து பீரங்கிக்கும் அங்கிருந்து நானா பேட்டுக்கும் வந்த சொல்லை, 'அளவி' என்று பெயர்த்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் பெயர்த்தது ஆய்வகத்துக்காக. பணிமனைக்காக ஒருவரும் பெயர்க்கவில்லை, பணிமனையும் காத்திருக்கவில்லை.

காத்திராமல் அது தானே செய்துகொண்ட பெயர்ப்புகளில் ஒன்று சிறப்பானது. குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதை ஆங்கிலம் இரத்தம் வடித்தல் என்கிறது. தமிழ் மெக்கானிக் 'ஏர் எடுக்கணும்' என்பார். மராத்தியிலும் அதே, ஏரை 'எடுப்பது'. வடிவது திரவம், ஆனால் நோக்கம் காற்று. பெயர்த்தவர்கள் உருவகத்தை விட்டுவிட்டு வேலையைப் பெயர்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஆபத்தானது. கடைக்காரர் திரவப் புட்டியை நீட்டியபோது, மூடி உடைக்காத புதுப் புட்டியையே ஊற்ற வேண்டும், வீட்டில் இருக்கும் வேறு எந்த ஆயிலையும் கலந்துவிடக் கூடாது என்று காகாவிடமே சொன்னார். காகாவுக்குச் சிறிது கோபம். ஆனால் சொன்னவருக்குக் காரணம் இருந்திருக்கும். இந்தத் திரவத்தை இந்தியா முழுவதும் 'பிரேக் ஆயில்' என்றே அழைக்கிறோம். அது எண்ணெயன்று, கிளைக்கால் வகை வேதிப்பொருள். பெயரை நம்பிக் கனிம எண்ணெய் எதையாவது ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊறி வீங்கிவிடும். பிஸ்டனை மீட்க வேண்டிய அதே வளையம் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பின்னர் ரப்பர் இருக்கும் இடமெல்லாம் மாற்ற வேண்டிவரும். ஒரு சொல்லினால் வரும் பழுது இது.

அப்பெயர் வெறும் அறியாமையும் அன்று. ஹைட்ராலிக் பிரேக்கின் தொடக்கப் பதிற்றாண்டுகளில் ஊற்றப்பட்ட திரவம் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்த கலவை. நம் வீட்டு விளக்கெண்ணெய்! இயற்கை ரப்பரைக் கெடுக்காமல் வழுவழுப்பையும் தந்த எண்ணெய் அது. ஆமணக்கு விளைவிப்பதில் இன்று உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. ஆக 'ஆயில்' என்னும் சொல் ஒரு காலத்தில் உண்மையைச் சொன்னது. பொருள் மாறிவிட்டது, சொல் மாறவில்லை. சிட்ரோயன் இதற்கு மறுதலையாக, 1960களின் நடுவில் தன் கார்களைக் கனிம எண்ணெய்க்கு மாற்றியபோது, குழப்பம் நேராதிருக்கத் திரவத்துக்குப் பச்சை நிறமே கொடுத்தது. அங்கே பழைய திரவத்தை ஊற்றினால் சீல் கெடும், மற்ற கார்களில் புதியதை ஊற்றினால் சீல் கெடும்.

கிளைக்காலுக்கு ஒரு குணம் உண்டு, காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டு புனே மழைக்காலங்களில் நின்ற காரின் திரவம் தேநீர் நிறத்தில் வந்ததில் வியப்பில்லை. துரு வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று போலும்.

வேலை எளியதே. பழைய கேலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினோம். குழாய் முனையின் செப்பு வளையங்கள் இரண்டும் புதியவை. பேட்கள் இரு பக்கமும் மாற்றினோம், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பழைய தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார் காகா. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்குகளின் காலத்தில் ஊதியவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி மேலே பேசவில்லை.

கடைசியில் ஏர் எடுத்தல். இதற்கு இருவர் வேண்டும். நான் பெடலில், காகா தரையில், அவர் கையில் பத்தாம் நம்பர் 'பானா'. ஸ்பேனருக்கு மராத்தியில் அதுதான் பெயர். "தாப்" என்பார், மிதிப்பேன். "தர்" என்பார், மிதித்தபடி நிற்பேன், அவர் திருகைத் திறப்பார், குமிழோடு திரவம் வரும், பெடல் தாழும், அவர் மூடுவார். "சோட்." விடுவேன். அழுத்து, பிடி, விடு. வரிசை தவறி முன்கூட்டியே விட்டால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே போய்விடும். ஒருமுறை தவறினேன். "சோட் மீ சாங்கேன் தேவ்ஹா" என்றார், நான் சொல்லும்போது விடு. பதினைந்து முறைக்கு மேல் நடந்திருக்கும். இறுதியில் குமிழ் நின்று, திரவம் வைக்கோல் நிறத்தில் தெளிந்து வந்தது. பெடல் கல்லாக நின்றது.

சக்கரத்தை மாட்டுவதற்கு முன் தட்டைக் கையால் தள்ளினார். பேட் லேசாக உரசும் ஓசையோடு ஒரு சுற்றும் இன்னும் கொஞ்சமும் சுற்றியது. மிதிக்கச் சொன்னார், நின்றது. விடச் சொன்னார், மறுபடி தள்ளினார், சுற்றியது. பாசிங் வரும் வியாழக்கிழமை. பழைய கேலிப்பர் இப்போது என் மேசையில் இருக்கிறது, பிஸ்டனை ஒருநாள் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்தேன். இன்னும் அசையவில்லை.